மலையடிவாரத்துச் சமுத்திரம்

எங்கள் கள்ளக்குறிச்சிக்கு எத்தனையோ பெருமைகள் உண்டு. ஆனால் சமுத்திரம் மட்டும் கிடையாது. இந்தக் குறையைச் சிறு பிராயத்தில் நான் அநுபவித்த அளவுக்கு வேறு யாரும் அநுபவித்திருக்க மாட்டார்கள். அந்நாளில் எங்கள் ஊர் தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. ஜில்லாவின் தலைநகரமோ கடலூர். பெயரிலேயே கடலை வைத்துக்கொண்டிருக்கும் அந்த ஊருக்குக் கோடை விடுமுறையில் போய்த் திரும்பும் பையன்கள், கால்சட்டைப் பை நிறையக் கிளிஞ்சல்களைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி எங்களை வதைப்பார்கள். "அலை என்றால் எவ்வளவு உயரம் இருக்கும்?" என்று கேட்டால், பள்ளிக்கூடத்துக் கூரையைக் காட்டுவார்கள்.

இந்த அவமானத்தைத் தாங்க முடியாமல் ஒருநாள் தாத்தாவிடம் முறையிட்டேன். தாத்தா கதர் வேஷ்டி தவிர வேறு உடுத்தாதவர், அதிகம் பேசாதவர். "அதற்கென்ன? காணும் பொங்கலன்று நான் உனக்குச் சமுத்திரம் காட்டுகிறேன்" என்றார்.

அது 1976-ஆம் வருஷத்துத் தை மாதம். எனக்கு அப்போது ஒன்பது வயது. விடியற்காலையில் கூண்டு வண்டி கட்டினார்கள். புளியோதரையும் தயிர் சாதமும் தூக்குப் பாத்திரங்களில் ஏறின. பாட்டி, அத்தை, நாங்கள் ஐந்து குழந்தைகள் எல்லோரும் வண்டிக்குள் அடைந்துகொண்டோம். வழி நெடுக இரு புறமும் கரும்புத் தோட்டங்கள். கச்சிராயபாளையத்தைத் தாண்டியதும் மேற்கே நீல நிறமாகக் கல்வராயன் மலை எழுந்து நின்றது. அதன் அடிவாரத்தில் வண்டியை அவிழ்த்துவிட்டுக் கரையின்மேல் ஏறினோம்.

ஏறியதும் நான் மூச்சுவிட மறந்தேன். கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர்! அதன் மேல் காலை வெயில் பட்டுத் தகதகவென்று மின்னிற்று. காற்றில் சிற்றலைகள் வந்து கல்லடுக்கில் மோதின. அவை பள்ளிக்கூடத்துக் கூரை உயரம் இல்லைதான். ஆனாலும் அலை அலைதானே? "தாத்தா, இதுதான் சமுத்திரமா?" என்று கேட்டேன்.

"இது கோமுகி அணை. சமுத்திரம் அல்ல, சமுத்திரத்துக்குப் போகும் தண்ணீர்" என்றார் தாத்தா. "இங்கிருந்து கோமுகி புறப்பட்டு மணிமுக்தாவில் சேரும். மணிமுக்தா விருத்தாசலத்தைக் கடந்து வெள்ளாற்றோடு கலக்கும். வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலுக்குள் விழும்."

தண்ணீர் போகும் இடம் தெரிந்துவிட்டது. வரும் இடம் தெரிய வேண்டாமா? மலையைக் காட்டி, "அங்கே யார் இருக்கிறார்கள், தாத்தா?" என்று கேட்டேன்.

"மலை ஜனங்கள் இருக்கிறார்கள். ஆனால் அது ஜாகீர். நம் சர்க்கார் ராஜ்யம் இந்த அடிவாரத்தோடு சரி. மேலே ஜாகீர்தார்கள் ராஜ்யம்."

சென்ற ஆகஸ்டு மாதத்தில்தான் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்திருந்தார்கள். "சுதந்திரம் வந்துவிட்டது என்று வாத்தியார் சொன்னாரே!" என்றேன்.

தாத்தா சற்று நேரம் மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "கீழே வந்துவிட்டது, அப்பா. மேலே ஏற நேரமாகும்" என்றார்.

எனக்கு அது விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய், நானும் சமுத்திரம் பார்த்துவிட்டேன் என்று கூசாமல் பொய் சொன்னேன். கிளிஞ்சலுக்குப் பதிலாக அணைக்கரையில் பொறுக்கிய மூன்று கூழாங்கற்களைச் சாட்சியாகக் காட்டினேன்.

*

அந்தக் கூழாங்கற்கள் எங்கே போயினவோ தெரியாது. உத்தியோகம் என்னை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போயிற்று. அசல் சமுத்திரங்களையும் நிறையப் பார்த்தாயிற்று. ஏறக்குறைய ஐம்பது வருஷத்துக்குப் பிறகு, சென்ற தை மாதத்தில், என் பழைய சமுத்திரத்தை மறுபடியும் பார்க்கப் புறப்பட்டேன்.

பஸ் நிலையத்தில் இறங்கியதுமே ஊர் எனக்குப் புதிதாக இருந்தது. நான் பிறந்தபோது தென்னாற்காட்டில் இருந்த ஊர், 1993-ல் விழுப்புரம் மாவட்டத்துக்கு மாறி, 2019-ஆம் வருஷம் நவம்பர் 26-ந் தேதி முதல் தானே ஒரு மாவட்டத்தின் தலைநகரமாகிவிட்டது. முன்பெல்லாம் கலெக்டரைப் பார்க்க ஒரு மனிதன் கடலூர் வரை போய்த் திரும்ப வேண்டும். இப்போது கலெக்டர் ஊருக்குள்ளேயே இருக்கிறார். இது சின்ன விஷயமல்ல.

கச்சிராயபாளையத்துக்குப் போகும் வழியில் கரும்புத் தோட்டங்கள் அப்படியே இருந்தன. ஆனால் கரும்பு இப்போது வெல்லம் காய்ச்சும் கொப்பரைக்குப் போகாமல், பக்கத்திலேயே இருக்கும் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு டிராக்டரில் போகிறது. கூண்டு வண்டிக்கு அரை நாள் பிடித்த வழியை பஸ் அரை மணியில் முடித்துவிட்டது. என் நினைவுகளை ஒழுங்குபடுத்திக்கொள்வதற்குள் அணை வந்துவிட்டது.

கரையின்மேல் ஏறினேன். நேயர்கள் நான் சொல்வதை நம்ப வேண்டும்: யாரோ என் சமுத்திரத்தைச் சுருக்கிவிட்டார்கள்! கண்ணுக்கு எட்டாமல் பரந்திருந்த நீர், இப்போது எதிர்க்கரை நன்றாகத் தெரியும் ஓர் ஏரியாக இருந்தது. உண்மையில் அணை சுருங்கவில்லை. 1960-களில் அதைக் கட்டியபோது இருந்த அதே 46 அடி உயரத்துக்குத்தான் இன்றைக்கும் தண்ணீர் தேக்குகிறார்கள். அன்று என் உயரம் மூன்றே முக்கால் அடி. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் அதன் மகிமை சுருங்கவில்லை. கல்வராயன் மலையில் பெய்யும் மழை கல்படை, பொட்டியம் முதலிய ஓடைகளின் வழியாக இறங்கி இங்கே சேருகிறது. இந்தத் தண்ணீரைக்கொண்டு பதினாயிரம் ஏக்கருக்கு மேல் விளைகிறது. கள்ளக்குறிச்சியில் நாங்கள் தின்ற ஒவ்வொரு கவளத்திலும் இந்த மலையின் பங்கு இருந்திருக்கிறது. மலைக்கு எங்கள் பங்கு என்ன என்று மட்டும் நாங்கள் கேட்டதில்லை.

கரையில் ஜனங்கள் நிறைய இருந்தார்கள். அணைக்குக் கீழே உள்ள பூங்காவில் குழந்தைகள் சறுக்கு மரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஓர் ஓரத்தில் மீன் பொரிக்கும் வாசனை வந்தது. முன்பு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்ற ஜனங்கள், இப்போது தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைத்தொலைபேசியில் தங்களையே படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஓர் இளம் தாயார், "கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள், ஐயா, படத்தில் விழுகிறீர்கள்" என்றாள். நகர்ந்துகொண்டேன். நகர்ந்தபோதுதான் மலை என் கண்ணில் பட்டது. அதே மலை. அதே நீலம். தாத்தாவின் குரல் காதில் விழுந்தாற்போல் இருந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு, அன்று ஏறாத மலையில் இன்றாவது ஏறிப் பார்க்காமல் திரும்புவதா?

*

அன்று ஜாகீர் எல்லையோடு நின்ற எனக்கு, இன்று வெள்ளிமலைக்கு பஸ் கிடைத்தது. வளைந்து வளைந்து ஏறும் பாதை. ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே அணை ஒரு முறை தெரிவதும் மறைவதுமாக இருந்தது. இரண்டாயிரம் மூவாயிரம் அடி உயரமுள்ள மலைதான். ஊட்டியைப் போலவோ கொடைக்கானலைப் போலவோ கம்பளி போர்த்திக்கொள்ளும் மலையல்ல. ஆனால் காற்றில் ஒரு தெளிவு உண்டு. வழியில் பெரியார் நீர்வீழ்ச்சி சாலையோரத்திலேயே பாறைகளின் மேல் வழிந்து இறங்குகிறது. இளைஞர்கள் கூச்சலிட்டுக் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போகும் பிளாஸ்டிக் பைகளும் கண்ணாடிப் புட்டிகளும் பாறை இடுக்குகளில் கிடந்தன. மலை நமக்குத் தண்ணீர் அனுப்புகிறது. நாம் மலைக்கு அனுப்பும் பதில் மரியாதை இப்படி இருக்கிறது!

வெள்ளிமலை இப்போது தாலுகாவின் தலைமையிடம். அங்கே இறங்கி, ஓர் ஒற்றையடிப் பாதையில் நடந்தேன். சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் இன்று மரவள்ளிச் செடிகளே கண்ணுக்குத் தெரிகின்றன. கிழங்கு கீழே ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. கடுக்காயும் புளியும் தேனும் இன்னும் மலைக்கே உரிய சரக்குகள்.

ஒரு வீட்டுத் திண்ணையில் எண்பது வயதை நெருங்கிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கேட்டேன். அவர் பேத்தி செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். பேச்சு வளர்ந்தது.

இந்த மலை ஜனங்களுக்கு 'மலையாளிகள்' என்று பெயர். கேரள தேசத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து முன்னொரு காலத்தில் அண்ணன் தம்பிகளாக வந்து ஆளுக்கொரு மலையில் குடியேறினோம் என்பது இவர்களுடைய பரம்பரைக் கதை. கல்வராயன் மலையின் இந்தப் பகுதி சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்களாக இருந்தது. நவாபுகள் போனார்கள், கும்பெனி வந்தது, கும்பெனி போய் ராணி வந்தாள், ராணியின் வம்சமும் 1947-ல் கப்பல் ஏறிற்று. 1948-ல் சென்னை மாகாணத்தில் ஜமீன்களை ஒழிக்கச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் இந்த மலையில் ஜாகீர்கள் இருந்தன. 1976-ஆம் வருஷத்தில்தான் அவை சர்க்கார் வசமாயின. நான் அணைக்கரையில் நின்று தாத்தாவைக் கேள்வி கேட்ட அதே வருஷம்!

"ஜாகீர் காலத்தில் எப்படி இருந்தது, பெரியவரே?" என்று கேட்டேன்.

"ஏர் இருந்தால் ஏருக்கு ஒரு வரி, தம்பி. ஏர் இல்லாமல் கொத்திப் பயிர் செய்கிறவனுக்குக் கொத்துக்கு ஒரு வரி. உழுகிறவன் நாங்கள். ஆனால் நிலம் எங்களுடையது என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் கிடையாது" என்றார்.

"இப்போது?"

பெரியவர் பதில் சொல்லாமல் உள்ளே போனார். ஒரு மஞ்சள் பையை எடுத்துவந்து, அதற்குள்ளிருந்து கண்ணாடிக் காகித உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு பட்டாவை எடுத்தார். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின்படி கிடைத்தது. பரம்பரையாகக் காட்டில் பயிர் செய்துவந்த பழங்குடிகளுக்கு அந்த நிலத்தின்மேல் உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்ட சட்டம் அது. அவர் அதை என் கையில் கொடுக்கவில்லை. தன் கையிலேயே வைத்துக்கொண்டு காட்டினார். "எனக்கு வந்துவிட்டது. என் தம்பிக்கு இன்னும் வரவில்லை. எழுதிப் போட்டிருக்கிறோம்" என்றார்.

*

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் இது சந்தோஷமான கட்டுரையாக முடிந்துவிடும். ஆனால் கோமுகியைப் பற்றி எழுதும் கள்ளக்குறிச்சிக்காரன், 2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தை விட்டுவிட்டு எழுத முடியாது.

அந்த மாதத்தில் எங்கள் ஊர்க் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அருந்தி அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அன்றாடம் கூலி வேலை செய்து பிழைத்த ஏழைகள். கோமுகி ஆற்றங்கரையில்தான் வரிசையாகச் சிதைகள் எரிந்தன. நான் சமுத்திரத்துக்குப் போகும் தண்ணீர் என்று நினைத்திருந்த ஆறு, அன்று அந்தச் சாம்பலையும் தாங்கிற்று.

அப்போது ஊரில் பலர் மலையைக் கை நீட்டிக் காட்டினார்கள். "எல்லாம் அங்கிருந்து வருவதுதான்" என்றார்கள். மலையில் கள்ளச் சாராயம் காய்ச்சியவர்கள் உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் கருணாபுரத்தில் உயிரைக் குடித்தது மெத்தனால். அது ஆலைகளில் உபயோகிக்கும் ரசாயனம். எந்தக் கடுக்காய் மரத்திலும் அது காய்ப்பதில்லை. அது கீழேயிருந்தே வந்த விஷம்.

எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. இதே கல்வராயன் மலையின் மேற்குச் சரிவு சேலத்தைச் சேர்ந்தது. அந்தச் சேலம் ஜில்லாவில்தான், 1937-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதியன்று, ராஜாஜியின் மந்திரி சபை மதுவிலக்கைத் தொடங்கிவைத்தது. ஏழையின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்று ஒரு தலைமுறை கண்ட கனவு, இந்த மலையின் அந்தப் பக்கத்தில்தான் முதலில் சட்டமாயிற்று. 87 வருஷம் கழித்து இந்தப் பக்கத்தில் சிதை எரிந்தது.

அந்த மரணங்களுக்குப் பிறகு சென்னை உயர்நீதிமன்றம் மலை ஜனங்களின் நிலைமையைத் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 1976 வரை ஜாகீர் ஆட்சி நீடித்ததும், மலை ஜனங்களுக்கு வாக்குரிமை 1996-ல்தான் கிடைத்தது என்பதும் அங்கே எடுத்துரைக்கப்பட்டன. சாலை, பள்ளிக்கூடம், வைத்தியம், பிழைப்பு ஆகியவற்றைப் பற்றிக் கேள்விகள் எழுந்தன. வேறு பிழைப்பில்லாத இடத்தில் கள்ளத் தொழில் வேர் பிடிப்பது அதிசயமா என்ற கேள்வியை, ஐம்பது வருஷத்துக்கு முன்பே யாராவது கேட்டிருக்கலாம்.

பெரியவரிடம் இதைப் பற்றிப் பேச எனக்குத் தயக்கமாக இருந்தது. அவரே பேசினார். "கெட்ட பெயர் மலைக்கு வந்துவிட்டது, தம்பி. பிணம் விழுந்தது உங்கள் ஊரில். இரண்டுக்கும் நடுவில் பணம் பார்த்தவன் யார் என்று எங்களுக்குத் தெரியாது" என்றார். சிறிது நேரம் பொறுத்து, "எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான். விளைந்ததைக் கொண்டுபோய் விற்க ரஸ்தா வேண்டும். உடம்புக்கு வந்தால் கீழே கொண்டுபோகவும் அதே ரஸ்தாதான்" என்றார். இவர் கிராமத்துக்கு பஸ் பாதையிலிருந்து நான் நடந்துவந்த அந்த ஒற்றையடிப் பாதைதான் இன்றும் வழி.

*

புறப்படும்போது பேத்தி பஸ் பாதை வரையில் வழி காட்ட வந்தாள். அரசாங்க உண்டு உறைவிடப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கிறாளாம். பொங்கல் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள். பாதையை ஓர் ஓடை குறுக்கிட்டது. அதைத் தாண்டும்போது, "ஐயா, நீங்கள் கடல் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள்.

ஒன்பது வயதில் சொன்ன பொய் நினைவுக்கு வந்து எனக்குச் சிரிப்பு வந்தது. "பார்த்திருக்கிறேன், அம்மா. பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தேன்" என்றேன்.

"எப்படி இருக்கும்?"

"ஆற்று நீர் ஒரு நிறம், கடல் நீர் ஒரு நிறம். இரண்டும் சற்று தூரம் பக்கத்தில் பக்கத்தில் போகும். அப்புறம் எது எது என்று தெரியாது."

அவள் ஓடையைப் பார்த்தாள். "இந்தத் தண்ணீர் கோமுகிக்குப் போகிறது, கோமுகி அங்கே போகிறது என்று டீச்சர் சொன்னார்கள். அப்படியானால் எங்கள் தண்ணீர் தினம் தினம் கடலைப் பார்க்கிறது. நாங்கள்தான் இன்னும் பார்க்கவில்லை" என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை, கணக்குப் பாடத்தில் விடை சொல்வதுபோல் சொன்னாள். பிறகு, நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போவதாகவும், படித்துவிட்டு இங்கேயே திரும்பி வரப்போவதாகவும் சொன்னாள்.

பஸ் இறங்கத் தொடங்கியபோது அந்தி சாய்ந்துவிட்டது. திருப்பங்களில் அணையின் நீர் செம்பு நிறமாகத் தெரிந்து தெரிந்து மறைந்தது. மேலேயிருந்து பார்க்கும்போது அது மறுபடியும் பெரிதாகத்தான் இருந்தது. நான் அன்று நின்ற கரை ஒரு கோடுபோல் கிடந்தது. அங்கே கதர் வேஷ்டியுடன் தாத்தா நிற்பதாகவே எனக்குத் தோன்றிற்று.

மலையில் பெய்த மழை ஓர் இரவில் அணைக்கு வந்துவிடுகிறது. 1947-ல் கீழே வந்த சுதந்திரம் இந்த மலையில் அடியெடுத்து வைக்க 29 வருஷம் பிடித்தது. அதற்குப் பிறகும் ஒரு பட்டாவாக, ஒரு பள்ளிக்கூடமாக, ஒரு வாக்குச் சீட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. தாத்தா, நீங்கள் சொன்னது சரி, நேரமாகத்தான் ஆயிற்று. ஆனால் அது ஏறிக்கொண்டிருப்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது.